எட்டாம் நாள் கழிச்சல்: இளங்கன்றுகளைத் தாக்கும் ரோட்டா வைரஸ்

கலப்பினப் பசு கிடேரிக் கன்று போட்டால் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். இன்னும் இரண்டரை, மூன்று ஆண்டுகளில் அது கறவைக்கு வந்துவிடும். சந்தைக்குப் போய், யாரோ வளர்த்த மாட்டை, யாரோ சொன்ன பால் கணக்கை நம்பி வாங்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கன்று முதல் பதினைந்து நாளைத் தாண்ட வேண்டும். பல வீடுகளில் அது நடப்பதில்லை.

துள்ளிக்கொண்டிருந்த கன்று ஏழாம் நாளோ எட்டாம் நாளோ காலையில் பால் குடிக்க எழுந்து வராது. வாலும் பின்தொடையும் மஞ்சள் நிறத் தண்ணீர்ச் சாணத்தால் நனைந்திருக்கும். மறுநாள் கண்கள் குழி விழும். மூன்றாம் நாள் கால்களை நீட்டிப் படுத்துவிடும். பால் அதிகம் குடித்துச் செரிக்காமல் போய்விட்டது என்று வீட்டார் நினைப்பார்கள். கண் பட்டுவிட்டது என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். அவசரமாக நான்கு மாத்திரை வாங்கிப் பொடி செய்து புகட்டுவார்கள். அதற்குள் காலம் கடந்திருக்கும்.

பிறந்த முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் வரும் கழிச்சலுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று ரோட்டா வைரஸ் என்னும் நச்சுயிரி. இதைக் கொல்லும் மருந்து இன்றுவரை கிடையாது. அப்படியிருந்தும் இந்நோய் கண்ட கன்றுகளில் பெரும்பாலானவற்றைப் பிழைக்க வைக்க முடியும். ஏனென்றால் கன்றின் உயிரைப் பறிப்பது வைரஸ் அல்ல. கழிச்சலோடு வெளியேறிவிடும் நீரும் உப்புகளுமே. போன நீரைப் போன வேகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டால், வைரஸ் தன் காலம் முடிந்ததும் தானே போய்விடும்.

சக்கரம் போன்ற கிருமி

குழந்தைகளிடம் காண்பதற்கு முன்பே இந்த நச்சுயிரியைக் கன்றுகளிடம் கண்டுபிடித்துவிட்டனர். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலம் மாடு வளர்ப்புக்குப் பெயர் போனது. அங்குள்ள பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மீபஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் கழிச்சல் கண்ட கன்றுகளின் சாணத்தை ஆராய்ந்து, 1969-ல் இந்தக் கிருமியைப் பற்றி வெளியிட்டனர். அப்போது இதற்கு நெப்ராஸ்கா கன்றுக் கழிச்சல் வைரஸ் என்றே பெயர். நான்கு ஆண்டு கழித்து, 1973-ல், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடன் பணியாற்றியவர்களும் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளின் குடலில் இதே சாயலுள்ள கிருமியைக் கண்டனர். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் ஆரங்கள் வைத்த வண்டிச் சக்கரம் போல் தெரியும். லத்தீன் மொழியில் சக்கரத்துக்கு ரோட்டா என்று பெயர். அதிலிருந்து வந்ததே ரோட்டா வைரஸ் என்னும் பெயர்.

கன்றுக்கும் குழந்தைக்கும் உள்ள இந்தத் தொடர்பைப் பின்னால் மறுபடியும் பார்ப்போம்.

குடலில் நடப்பது என்ன?

கன்றின் சிறுகுடல் உட்புறத்தைத் துருக்கித் துண்டுக்கு ஒப்பிடலாம். துண்டில் நூல் வளையங்கள் எழுந்து நிற்பது போலக் குடலின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத விரல் போன்ற நீட்சிகள் லட்சக்கணக்கில் உள்ளன. பாலைச் செரிக்க வைப்பதும், செரித்த சத்தையும் நீரையும் உறிஞ்சுவதும் இவற்றின் நுனியில் உள்ள செல்களே. ரோட்டா வைரஸ் குறி வைப்பது இந்த நுனிகளைத்தான். ஆடு புகுந்த வயலில் பயிரின் கொழுந்து மட்டும் போய், அடித்தண்டு நிற்குமே, அதுபோல நுனிகள் உதிர்ந்து குட்டையாகிவிடும்.

நுனி போனால் பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காது. செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, உடம்பில் உள்ள நீரைத் தன் பக்கம் இழுக்கும். போதாததற்கு, இந்த வைரஸ் உண்டாக்கும் ஒரு புரதமே நஞ்சு போல் வேலை செய்து குடலை நீர் கசியச் செய்கிறது. உள்ளே போகும் நீர் உறிஞ்சப்படுவதில்லை. உள்ளிருக்கும் நீரும் வெளியே வருகிறது. இதனால்தான் கழிச்சல் தண்ணீராகப் பீய்ச்சுகிறது.

ஆனால் அடித்தண்டு சாகவில்லை. நீட்சிகளின் அடியில் உள்ள செல்கள் பெருகி மேலே வந்து, சில நாட்களில் குடலைப் புதுப்பித்துவிடும். கன்றுக்கு நாம் வாங்கித் தர வேண்டியது இந்தச் சில நாட்களையே.

நோய்க்கிருமி வாய் வழியாகப் போன பிறகு பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள் கழிச்சல் தொடங்கும். காய்ச்சல் இராது, இருந்தாலும் லேசாகவே இருக்கும். சாணம் வெளிர் மஞ்சளாகவோ மஞ்சளாகவோ இருக்கும். சில சமயம் செரிக்காத பால் திரிதிரியாகத் தெரியும், சளி போலவும் வரும்.

வயது சொல்லும் குறிப்பு

எல்லாக் கன்றுக் கழிச்சலும் ரோட்டா வைரஸால் வருவதல்ல. சாணத்தின் நிறத்தை மட்டும் பார்த்து இன்ன நோய் என்று சொல்லிவிடவும் முடியாது. அப்படிச் சொல்பவரை நான் நம்புவதில்லை. நிறத்தைவிடக் கன்றின் வயது நல்ல குறிப்பைத் தரும். பிறந்து நான்கைந்து நாட்களுக்குள், சில சமயம் முதல் நாளே, கழிச்சல் கண்டு மளமளவென்று தளர்ந்துவிட்டால் ஈ கோலை என்னும் பாக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும். ரோட்டா வைரஸ் பெரும்பாலும் ஐந்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை. இதே காலத்திலும் இதற்குச் சற்றுப் பின்னும் கொரோனா வைரஸ் வகை ஒன்றும் கன்றுகளைத் தாக்கும். (மனிதரைத் தாக்கிய கோவிட் கிருமி வேறு, இது மாடுகளுக்கு உரியது, நெடுங்காலமாகத் தெரிந்தது.) கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஓரணு உயிரியும் முதல் மாதத்தில் வரும். மூன்று வாரம் தாண்டிய கன்று முக்கி முக்கி ரத்தம் கலந்து கழிந்தால் ரத்தக் கழிச்சல் எனப்படும் காக்சிடியா நோயாக இருக்கலாம். எருமைக் கன்றுகளில் தாய்ப்பால் வழியாகவே வந்து சேரும் உருண்டைப்புழு வேறு இருக்கிறது. மண் நிறத்தில் நாற்றமெடுத்த கழிச்சல் கண்ட எருமைக் கன்றுக்கு முதலில் குடற்புழு நீக்கத்தைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

இவற்றில் இரண்டு மூன்று ஒரே கன்றில் சேர்ந்து வருவதும் உண்டு. ரோட்டா வைரஸ் தனியாக வந்தால் பல கன்றுகள் தாங்கிக்கொள்ளும். ஈ கோலையோடு சேர்ந்து வந்தால்தான் நிலைமை மோசமாகிறது.

காரணம் எதுவானாலும் முதல் மணி நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே. எவ்வளவு நீர் போயிருக்கிறது என்று பாருங்கள்.

தோலைக் கிள்ளிப் பாருங்கள்

பிறந்த கன்றின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீரே. 25 கிலோ கன்று தன் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு நீரை இழந்தால், இரண்டு லிட்டர் போய்விட்டது என்று பொருள். பெரிய மாட்டுக்கு அது ஒன்றுமில்லை. கன்றுக்கு அது உயிரில் கால்வாசி.

கழுத்துப் பக்கத்துத் தோலை இரண்டு விரலால் மடித்துத் தூக்கி விடுங்கள். நல்ல கன்றுக்கு உடனே சமமாகிவிடும். இரண்டு முதல் நான்கு விநாடி மடிப்பு நின்றால், கண்ணும் சிறிது உள்ளே போயிருந்தால், நீர் இழப்பு நூற்றுக்கு ஆறு முதல் எட்டுப் பங்கு வரை என்று கொள்ளலாம். இந்தக் கன்று இன்னும் நிற்கும். விரலை வாயில் வைத்தால் சப்பும். வீட்டிலேயே காப்பாற்றலாம். மடிப்பு ஆறு விநாடி வரை நின்று, கண்ணுக்கும் இமைக்கும் நடுவே பள்ளம் தெரிந்து, சப்புவதும் தளர்ந்துவிட்டால் பத்துப் பங்கை நெருங்கிவிட்டது. காதும் கால் குளம்பும் சில்லென்று, தலையைத் தூக்க முடியாமல் படுத்துவிட்டால் அதற்கும் மேல். அப்போது வாய் வழியாக எதையும் ஊற்றாதீர்கள். விழுங்கத் தெம்பில்லாத கன்றுக்கு ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய்விடும். கழிச்சலில் பிழைத்திருக்க வேண்டிய கன்று நிமோனியாவில் போகும். அதற்கு ரத்தக் குழாய் வழியாகவே நீர் ஏற்ற வேண்டும். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கட்டணமில்லாத 1962 எண்ணுக்குப் பேசினாலும் ஊருக்கே வாகனம் வரும்.

தோல் மடிப்பு ஒழுங்காக இருந்தும் கன்று தள்ளாடி நிற்கிறதா? கழிச்சலில் உடம்பின் காரச் சத்து போய், ரத்தம் புளித்திருக்கிறது என்று அர்த்தம். இதுவும் மருத்துவர் பார்க்க வேண்டிய நிலையே.

உப்புக் கரைசலும் என் தவறும்

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் மூதாட்டி ஒருவர் கன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேரனுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் கொடுத்துப் பிழைத்தானாம். "அதையே கண்ணுக்கும் குடுக்கட்டுங்களா, டாக்டர் ஐயா?" என்று கேட்டார். நன்றாகக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாம் நாள் போனபோது கழிச்சல் இரட்டிப்பாகியிருந்தது. "நீங்க சொன்னபடி தவறாம குடுத்தேனுங்க" என்றார் அந்த அம்மா. அவர் மேல் குற்றமில்லை, சொன்னவன் மேல்தான். அந்தக் கன்றைக் காப்பாற்ற முடியவில்லை.

குழந்தையின் குடலில் நாம் சாப்பிடும் சர்க்கரையைச் செரிக்க வைக்கும் நொதி உண்டு. கன்றின் குடலில் அது கிடையாது. கரும்புச் சர்க்கரையும் வெல்லமும் கன்றின் குடலில் செரிக்காமல் நின்று, பால் சர்க்கரை செய்யும் அதே கேட்டைச் செய்கின்றன. நீரை இன்னும் இழுக்கின்றன. மாவுச் சத்தைச் செரிக்கும் திறனும் முதல் வாரங்களில் மிகக் குறைவு. எனவே பச்சரிசிக் கஞ்சி, ஜவ்வரிசிக் கஞ்சி, வெல்லத் தண்ணீர் என்று நாம் அன்போடு கொடுப்பவை எல்லாம் இளங்கன்றுக்கு ஆகாது. இதை எல்லோரும் மனத்தில் வைக்க வேண்டும். கன்றுக்குச் சேர வேண்டியது குளுக்கோஸ் மட்டுமே. குளுக்கோஸ் செரிக்க வேண்டியதே இல்லை. குடலில் உப்பைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போகும், உப்போடு நீரும் போகும். கரைசலின் சூட்சுமம் இவ்வளவே.

கன்றுகளுக்கென்றே செய்த கரைசல் பொட்டலம் கிடைத்தால் அது நல்லது. கிடைக்காவிட்டால் மருந்துக் கடையில் விற்கும் குளுக்கோஸ் அடங்கிய ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, உறையில் போட்டுள்ள அளவு தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். அதுவும் இல்லையென்றால் வீட்டில் தயாரிக்கலாம். கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சமையல் உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், குளுக்கோஸ் பொடி 20 கிராம். பழச்சுவை சேர்த்த குளுக்கோஸ் டப்பாக்களில் சர்க்கரை கலந்திருக்கலாம், வேண்டாம். உப்பைக் கண் மதிப்பாக அள்ளிப் போடாதீர்கள். உப்பு மிகுந்தாலும் கன்று சாகும். நகைக்கடைத் தராசு வேண்டியதில்லை. தெரிந்த மளிகைக் கடையிலோ மருந்துக் கடையிலோ ஒரு முறை நிறுத்து, வீட்டுத் தேக்கரண்டிக்கு எவ்வளவு பிடிக்கிறது என்று குறித்து வைத்துக்கொண்டால் ஆயுளுக்கும் போதும். பொட்டாசியம் குளோரைடு கிடைக்கவில்லை என்பதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். மற்ற மூன்றையும் போட்டுத் தொடங்குங்கள்.

எவ்வளவு கொடுப்பது? 25 கிலோ கன்றுக்கு ஒரு வேளைக்கு ஒரு லிட்டரிலிருந்து ஒன்றேகால் லிட்டர் வரை, உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக, நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளை. கழிச்சல் அதிகமானால் வேளைகளைக் கூட்டுங்கள். ரப்பர் காம்பு வைத்த புட்டியில் கன்று தானாகச் சப்பிக் குடிப்பதே சிறந்தது. மூங்கில் குழாயில் புகட்டும் பழக்கமுள்ளவர்கள் கன்றின் தலையை வானம் பார்க்கத் தூக்கிப் பிடிக்கக் கூடாது. மூக்கு கண்ணின் மட்டத்துக்கு மேல் போகாமல், ஒவ்வொரு மடக்காக விடுங்கள்.

பாலை நிறுத்தலாமா?

எங்கள் காலத்துப் புத்தகங்களில் கழிச்சல் கண்டால் ஒருநாள் இரண்டு நாள் பாலை நிறுத்து என்றே இருந்தது. நானும் பலரிடம் அப்படியே சொல்லியிருக்கிறேன். பின்னால் நடந்த ஆராய்ச்சிகள் இதை மாற்றிவிட்டன. உப்புக் கரைசலில் உயிர் பிடித்து நிற்க நீர் இருக்கிறதே தவிர, வளரவும் குடலைப் புதுப்பிக்கவும் தேவையான சத்து இல்லை. பாலை நிறுத்திய கன்று பட்டினியால் இளைத்து, குணமாவதும் தாமதமாகும். எனவே பாலை நிறுத்தாதீர்கள். ஒரு நாளைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், அதை இரண்டு வேளையாக அல்லாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தாயிடம் ஊட்டும் கன்றானால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை விடுங்கள்.

ஆனால் பாலையும் கரைசலையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. கரைசலில் உள்ள சோடா, கன்றின் இரைப்பையில் பால் உறைவதைக் கெடுக்கும். உறையாத பால் நேரே குடலுக்குப் போனால் கழிச்சலுக்கு எரிகிற நெருப்பில் எண்ணெய். இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

ஆன்டிபயாடிக் மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. காய்ச்சல் அடித்தாலோ, ரத்தம் கலந்தாலோ, கன்று மிகச் சிறியதானாலோ பாக்டீரியாவும் சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவர் முடிவு செய்து கொடுப்பார். நீங்களாகக் கொடுப்பது வீண் செலவு மட்டுமல்ல, நல்ல மருந்துகள் பின்னால் பலிக்காமல் போவதற்கும் அதுவே வழி. மனிதர்கள் கழிச்சலை நிறுத்தச் சாப்பிடும் மாத்திரையைக் கன்றுக்குக் கொடுக்கவே கூடாது. குடல் அசைவை அது கட்டிப்போடும். வெளியே வர வேண்டிய கிருமியும் நஞ்சும் உள்ளேயே தங்கும். கொய்யா இலைக் கஷாயம், மாதுளைத் தோல் கஷாயம் கொடுப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. கரைசலைக் கொடுத்துவிட்டு அதையும் கொடுக்கட்டும். கரைசலுக்குப் பதிலாகக் கொடுப்பதைத்தான் தடுக்கிறேன்.

சீம்பால் முதலில் யாருக்கு?

ரோட்டா வைரஸ் ஏன் ஐந்தாம் நாளுக்குப் பிறகு வருகிறது? விடை சீம்பாலில் இருக்கிறது.

பசுவின் கருவில் இருக்கும் கன்றுக்குத் தாயின் எதிர்ப்பொருள்கள் ரத்தத்தின் வழியாகப் போவதில்லை. மனிதக் குழந்தை தாயிடமிருந்து கொஞ்சம் எதிர்ப்புச் சக்தியோடு பிறக்கிறது. கன்று வெறும் கையோடு பிறக்கிறது. அதற்கு வர வேண்டிய முழுச் சீதனமும் சீம்பாலில் இருக்கிறது. பிறந்த உடனே கன்றின் குடல் இந்த எதிர்ப்பொருள்களை அப்படியே ரத்தத்துக்குள் விட்டுக்கொள்ளும். மணிக்கு மணி இந்தக் கதவு மூடிக்கொண்டே வந்து, ஏறக்குறைய 24 மணி நேரத்தில் முற்றிலும் மூடிவிடும்.

நம் கிராமங்களில் நஞ்சுக்கொடி விழும் வரை மடியில் கை வைக்கக் கூடாது, கன்றையும் ஊட்ட விடக் கூடாது என்ற பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. கொடி விழ ஆறு மணி நேரம் ஆகலாம், பன்னிரண்டு மணி நேரமும் ஆகலாம். அதற்குள் கதவு பாதிக்கு மேல் மூடியிருக்கும். உண்மை நேர்மாறானது. கன்று காம்பைச் சப்பும்போது தாயின் உடம்பில் சுரக்கும் சுரப்புநீர், பாலை இறக்குவதோடு கருப்பையையும் சுருங்கச் செய்கிறது. ஆகவே கன்று பிறந்து இரண்டு மணி நேரத்துக்குள் முதல் சீம்பாலைக் குடித்துவிட வேண்டும். 25 கிலோ கன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் மொத்தம் இரண்டரை லிட்டர் போய்ச் சேர வேண்டும். தானாக எழுந்து குடிக்காத கன்றுக்குக் கறந்து புட்டியில் கொடுங்கள்.

ரத்தத்தில் சேர்ந்த எதிர்ப்பொருள் கன்றைப் பல நோய்களிலிருந்து காக்கும். ஆனால் ரோட்டா வைரஸ் ரத்தத்தில் சண்டை போடுவதில்லை. குடலின் உட்புறத்தில், அந்த நீட்சிகளின் நுனியில் போடுகிறது. அங்கே அதைத் தடுக்கத் தினமும் பாலோடு வந்து குடலில் நிற்கும் எதிர்ப்பொருள் வேண்டும். சீம்பாலில் அது நிறைய உண்டு. மூன்று நான்கு நாளில் சாதாரணப் பாலாக மாறும்போது அது மிகவும் குறைந்துவிடுகிறது. காவல் விலகியது, ஐந்தாம் நாளுக்குப் பிறகு கிருமி நுழைகிறது. கணக்குச் சரியாக இருக்கிறதல்லவா?

இதிலிருந்து ஒரு நல்ல உபாயம் கிடைக்கிறது. கலப்பினப் பசு முதல் மூன்று நாட்களில் தன் கன்றுக்குத் தேவைக்கு மேல் சீம்பால் தரும். மிஞ்சியதைச் சுத்தமான புட்டியில் அடைத்துக் குளிர்ப் பெட்டியில் வைத்து, கன்று இரண்டு வாரம் ஆகும் வரை தினப்படிப் பாலோடு கால் லிட்டர், அரை லிட்டர் சேர்த்துக் கொடுங்கள். சாதாரணக் குளிர்ச்சியில் ஒரு வாரம் வரை நிற்கும். பனிக்கட்டி அறையில் உறைய வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். எடுத்துக் கொடுக்கும்போது வெந்நீர்ப் பாத்திரத்தில் புட்டியை வைத்து மெல்ல இளக்க வேண்டும். அடுப்பில் ஏற்றினால் சீம்பால் கட்டியாகிவிடும், எதிர்ப்பொருளும் வீணாகும்.

சீம்பாலில் ஏலக்காய் தட்டிப் போட்டு வேக வைத்துக் கிண்ணம் கிண்ணமாகப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் எனக்கும் பிடித்தமானதே. கிண்ணம் வந்தால் வேண்டாம் என்று நான் சொன்னதில்லை. ஆனால் முதல் நாள் சீம்பாலும் இரண்டாம் நாள் சீம்பாலும் கன்றின் கணக்கு. அதன் இரண்டு வாரத்துக்கு எடுத்து வைத்தபின் மிஞ்சுவதில் கிண்ணம் போகட்டும்.

சினை மாட்டுக்குக் கன்று ஈனுவதற்குச் சில வாரங்களுக்கு முன் தடுப்பூசி போட்டு, அதன் சீம்பாலிலும் பாலிலும் எதிர்ப்பொருளைப் பெருக்கும் முறை ஐரோப்பா, அமெரிக்கா போன்ற இடங்களில் நடைமுறையில் உள்ளது. அந்தத் தடுப்பூசியும் கன்று சீம்பாலைக் குடித்தால்தான் பலிக்கும்.

தொழுவத்தில் கவனிக்க வேண்டியவை

கழிச்சல் கண்ட கன்றின் ஒரு கிராம் சாணத்தில் உள்ள வைரஸ்கள் நூறு கோடியையும் தாண்டும். சாணத்தில் காயாமல் கிடந்தால் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். நோய் எதுவும் இல்லாத தாய்ப் பசுவும் ஈனும் சமயத்தில் சாணத்தில் கொஞ்சம் கிருமியை விடுவதுண்டு. எனவே கிருமியே இல்லாத தொழுவம் என்று ஒன்றை எதிர்பார்க்க வேண்டாம். கன்றின் வாய்க்குப் போகும் அளவைக் குறைப்பதே நம்மால் ஆவது.

ஈனப் போகும் மாட்டை மற்ற மாடுகளின் சாணமும் மூத்திரமும் ஓடிவரும் தாழ்வான மூலையில் கட்டாதீர்கள். மேடான, உலர்ந்த இடத்தில் புது வைக்கோல் பரப்புங்கள். ஈனியதும் மடியை வெந்நீரில் கழுவித் துடைத்த பிறகே கன்றை விடுங்கள். சாணம் ஒட்டிய காம்பு வழியாகவே முதல் கிருமி போகிறது. மழைக் காலத்திலும் மார்கழிப் பனியிலும் தரை காய்வதே இல்லை. அப்போது கன்றின் அடியில் வைக்கோலைத் தினமும் மாற்றி, இரவில் சாக்கு போர்த்துங்கள். குளிரில் நடுங்கும் கன்றுக்குக் கழிச்சலைத் தாங்கச் சக்தி இராது.

கன்றுகள் பல உள்ள பண்ணைகளில் ஒன்றை மறக்கிறார்கள். முதலில் ஈனிய மாட்டின் கன்று லேசாகக் கழிந்து பிழைத்துவிடும். அதே இடத்தில் பத்தாவதாகப் பிறந்த கன்று சாகும். முதல் கன்று விட்ட கிருமி ஒவ்வொன்றாகப் பெருகிப் பத்தாவதின் மேல் முழுப் பாரமாக இறங்குகிறது. ஆகவே சிறு கன்றுகளைப் பெரியவற்றோடு ஒரே அறையில் அடைக்காதீர்கள். கழிச்சல் கண்டதை உடனே தனியே கட்டி, அதற்கென்று வாளியும் புட்டியும் ஒதுக்குங்கள். பால் கொடுக்கும்போது நல்ல கன்றுகளை முடித்துவிட்டுக் கடைசியாக நோயுற்றதிடம் போங்கள். பண்ணையாள் முதலில் நோய்க் கன்றைப் பார்த்துவிட்டு அதே கையோடு மற்றவற்றுக்குப் போவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அக்கறையில்தான் செய்கிறார், விளைவு வேறாகிவிடுகிறது.

கிருமிநாசினியை ஊற்றிவிட்டுப் போனால் போதும் என்று நினைக்கக் கூடாது. இந்த வைரஸ் பல மருந்துகளுக்கு அசையாது. சாணப் பூச்சின் மேல் பிளீச்சிங் பவுடர் தூவினால் அதன் வேகம் சாணத்திலேயே முடிந்துவிடும். முதலில் சாணத்தைச் சுரண்டி அள்ளுங்கள். பிறகு சலவை சோடா கரைத்த வெந்நீரால் தேய்த்துக் கழுவுங்கள். தரை சுத்தமாகத் தெரிந்த பின்னரே பிளீச்சிங் பவுடர் கரைசல். சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். கூரையில் வெயில் விழ வழி இருந்தால் பகலில் கன்றுகளை வெளியே கட்டித் தரையைக் காய விடுங்கள். காய்ச்சலும் சளியும் போல இது காற்றில் பரவும் நோயல்ல. சாணத்திலிருந்து வாய்க்கு, அவ்வளவே.

வீட்டுக் குழந்தைகளும் கன்றும்

ரோட்டா வைரஸில் மாட்டுக்கு உரிய வகைகளும் மனிதருக்கு உரிய வகைகளும் வேறு வேறு. பொதுவாக ஒன்று மற்றதைத் தாக்குவதில்லை. ஆனால் எல்லை முழுவதும் மூடியிருக்கவில்லை. வேலூரில் பிறந்த குழந்தைகளிடமும் கைக்குழந்தைகளிடமும் காணப்பட்ட ஒரு ரோட்டா வைரஸில் மாட்டு வைரஸின் கூறுகளும் மனித வைரஸின் கூறுகளும் கலந்திருந்ததை 2004-ல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர். நெப்ராஸ்கா கன்றிடம் கண்ட வைரஸைப் பலமிழக்கச் செய்து குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்தாகக் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 1983-ல் பின்லாந்திலிருந்து வந்தது. டெல்லியில் பிறந்த குழந்தைகளிடம் கிடைத்த 116ஈ என்னும் வைரஸிலும் மாட்டு வைரஸின் ஒரு கூறு இயற்கையாகவே கலந்திருந்தது. அதிலிருந்து உருவானதே ரோட்டாவாக் என்னும் சொட்டு மருந்து; 2016 முதல் இந்தியாவின் குழந்தைகள் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து சேர்க்கப்பட்டது. உங்கள் வீட்டுக் கைக்குழந்தைக்கு அந்தச் சொட்டு மருந்து உரிய காலத்தில் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கழியும் கன்றைக் கவனித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள். இது ரோட்டா வைரஸுக்காக மட்டும் சொல்வதல்ல. கன்றுக் கழிச்சலில் வரும் சால்மோனெல்லா, கிரிப்டோஸ்போரிடியம் இரண்டும் மனிதருக்கு நேராகவே தொற்றும்.

சாணத்தைப் பரிசோதனைக்கு அனுப்புவது

ஒரே பண்ணையில் இரண்டு மூன்று கன்றுகள் அடுத்தடுத்துக் கழிந்தால் ஊகத்தில் காலம் கடத்த வேண்டாம். கழிச்சல் தொடங்கிய முதல் நாளே, எந்த மருந்தும் கொடுப்பதற்கு முன், தரையில் விழுந்ததை அள்ளாமல் நேராகப் பிடித்த சாணத்தைக் கழுவிக் காய்ந்த சிறு புட்டியில் எடுத்து மூடுங்கள். இரண்டு மூன்று கன்றுகளிடமிருந்து தனித்தனியாக எடுப்பது நல்லது. புட்டியின் மேல் கன்றின் வயதையும் தேதியையும் எழுதி, பனிக்கட்டி போட்ட பாத்திரத்தில் வைத்து, அன்றைக்கே உங்கள் கால்நடை மருத்துவர் மூலம் மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பலாம். நாள் செல்லச் செல்லச் சாணத்தில் வைரஸ் குறைந்துவிடும். ஐந்தாம் நாள் எடுத்த சாணத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். முடிவு வரும் வரை கரைசலை நிறுத்த வேண்டியதில்லை. எந்த முடிவு வந்தாலும் அது கன்றுக்குத் தேவையானதே.